முன்னால் போகிறவர் யார்? சேர்ந்து அசையும் பயிற்சியில் எனக்கு ஒரு கேள்வி

கெடிலக்கரை (சனி, இரவு 9.10)

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் 11 பேர் எட்டு மாதமாகச் சேர்ந்து அசைந்து பழகுகிறோம். நடனக் குழு என்று சொல்ல முடியாது. படித்துவைத்த அடவு கிடையாது, பெரும்பாலும் பாட்டும் கிடையாது. சனிக்கிழமை மாலை வாடகைக்கு எடுத்த ஒரு மாடி ஹாலில் கூடுவோம். வெயில் தணிந்த மாதங்களில் ஞாயிறு விடிகாலை சில்வர் பீச் மணலில்.

எங்களுக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. எல்லோரும் நெருக்கமாக, ஒரே திசை பார்த்து நிற்போம். யார் கண்ணுக்கு முன்னால் ஆள் இல்லையோ அவர் அசைவார், மற்றவர்கள் அதையே செய்வார்கள். அவர் திரும்பினால் கூட்டமே திரும்பும். அப்போது வேறொருவர் முன்னால் வந்துவிடுவார், அசைவு அவர் கைக்குப் போகும். பறவைக் கூட்டம் திரும்புகிற மாதிரி. நன்றாக அமைகிற நாளில் யார் தொடங்கினார்கள் என்றே தெரியாது.

ஆனால் கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன். கூட்டம் எத்தனை முறை திரும்பினாலும் முன்னிலை அதே மூன்று பேரிடம்தான் போய் நிற்கிறது. இருவர் பரதம் முறையாகக் கற்றவர்கள். மூன்றாமவர் நல்ல உயரம், காலை அகல வைத்து நடப்பவர். நான் எப்போதும் நடுவிலோ பின்னாலோ இருக்கிறேன். போன வாரம் பயிற்சி முடிந்து பேசும்போது ஒருவர், "நீங்க எதுவும் தொடங்கறதே இல்லையே, சும்மா கூடவே வர்றீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

பின்னால் வரும்போது நான் சும்மா இல்லை. முன்னால் இருப்பவரின் தோள்பட்டை ஏறி இறங்குவதை வைத்து, அவர் அடுத்து உட்காரப் போகிறாரா திரும்பப் போகிறாரா என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். பக்கத்தில் இருப்பவர் தடுமாறினால் அரை அடி நகர்ந்து இடம் கொடுப்பேன். இதெல்லாம் "கூடவே வருவது" மட்டும்தானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்களில் யாரும் தலைமை இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் தொடங்கினோம். அப்படி ஒரு நிலை உண்மையிலேயே உண்டா?

சேவடி (சனி, இரவு 10.02)

நான் பரதம் ஆடுபவள், 16 வருடம். நேராகவே சொல்கிறேன். விதி எதுவும் இல்லை என்று வைத்தால் பயிற்சி உள்ள உடம்புதான் முன்னால் போகும். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. உடம்பில் சேமிப்பு அதிகம், எடுத்துச் செலவு செய்கிறார்கள்.

எங்கள் கச்சேரியிலும் மனோதர்மம் உண்டு, அதாவது அந்த நேரத்தில் தோன்றுவதை ஆடுவது. பதம் என்ற அபிநயப் பாட்டில் ஒரே வரியை எடுத்துக்கொண்டு சஞ்சாரி செய்யும்போது, அதாவது அதன் பொருளைப் பலவிதமாக விரித்துக் காட்டும்போது, பாடுபவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். நான் முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் என் பின்னால் வருகிறார். ஆனால் மூன்றாவது முறை அவர் ஒரு சங்கதியை, அதாவது அந்த வரியின் இசை வடிவத்தை, மாற்றிப் போட்டால் என் கை வேறு இடத்துக்குப் போய்விடும், நான் நினைக்காத ஒரு முகபாவம் வந்து நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தில் யார் யாரை நடத்தினார்கள் என்று கேட்டால் எங்கள் இருவருக்குமே பதில் தெரியாது.

ஆனால் அது இருவருக்கும் தாளமும் வரியும் பொதுவாக இருப்பதால் நடப்பது. உங்கள் 11 பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

மத்தளம் (ஞாயிறு, காலை 6.20)

தங்கச்சி, நான் கூத்துக்கு மிருதங்கம் வாசிக்கிறவன். பண்ருட்டி, விழுப்புரம் பக்கம் 30 வருஷமா. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நின்று பாடத் தொடங்கியதும் எல்லோரும் கிரீடத்தையும் புஜக்கட்டையும் பார்ப்பார்கள். நான் குதிகாலைப் பார்ப்பேன். குதிகால் தரையில் எப்படி இறங்குகிறது என்பதில் அடுத்த அடி இருக்கிறது. முகத்தைப் பார்த்து வாசித்தால் ஒரு நூல் பிந்திவிடும்.

இரவு பத்துக்குத் தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். மூன்று மணி, மூன்றரைக்கு வேஷக்காரருக்கு மூச்சு வாங்கும். மரக்கட்டை ஆபரணமெல்லாம் சேர்த்துச் சுமை, போதாததற்குக் கால் நிறையச் சலங்கை. சுழன்று ஆட வேண்டிய இடம் வரும், அவரால் முடியாது. கூட்டத்துக்குத் தெரிந்தால் அவருக்கு அவமானம். அப்போது நான் நடையை ஒரு பங்கு தளர்த்துவேன். பின்பாட்டுக்காரர் புரிந்துகொண்டு வரியை இன்னொரு முறை இழுப்பார். முகவீணைக்காரர் நீளமாக ஒன்று ஊதுவார். வேஷக்காரருக்கு நாலு மூச்சு கிடைக்கும். பார்க்கிறவர்கள், "அடடா, நிறுத்தி நிதானமா ஆடறார்" என்பார்கள். அவருக்கேகூடச் சில நாள் தெரியாது, தானாகத்தான் நிதானித்ததாக நினைப்பார்.

இதில் நான் முன்னால் போனேனா பின்னால் போனேனா? நீங்கள் அரை அடி நகர்ந்து இடம் கொடுக்கிறேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அது வாசிக்கிறவன் வேலை. சும்மா வருகிறவர் செய்கிற வேலை இல்லை.

மெல்லப்பற (ஞாயிறு, காலை 11.45)

ஐயா சொன்னதை இரண்டு முறை படித்தேன்.

நான் புதுச்சேரி. எட்டு வருடமாகக் காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் (உடம்பு தொட்டபடி, முன்திட்டம் இல்லாமல் ஆடுவது) பழகுகிறேன். ஆரோவில் பக்கம் வந்து போகிறவர்களிடம்தான் முதலில் கற்றேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972-இல் ஓபர்லின் கல்லூரி மாணவர்களோடு செய்துபார்த்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்த வடிவம் இது. ஒருவர்மீது ஒருவர் மோதி, விழுந்து, உருண்டு, கடைசியில் சில நிமிடங்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அந்த நிற்பதற்கு அவர் 'சின்ன நடனம்' என்று பெயர் வைத்தார். அவர் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பயின்றவர், அதனால் விழுவதையும் எடையை வாங்குவதையும் நன்றாக அறிந்திருந்தார். அந்தக் கல்லூரியில் மாணவியாக இருந்த நான்சி ஸ்டார்க் ஸ்மித் இந்த வடிவத்தை வளர்த்து உலகமெங்கும் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். நான்சி 2020-இலும் பாக்ஸ்டன் 2024-இலும் காலமானார்கள்.

இதில் இருவர் உடம்பு தொடும் புள்ளி ஒன்று இருக்கும். தோளும் முதுகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி உருண்டுகொண்டே போகும். இருவரும் அந்தப் புள்ளியைத்தான் பின்தொடர்வார்கள், ஆளை இல்லை. நான் தள்ள நினைத்தால் அவர் எடை என்னைத் தள்ளுகிறது. விட்டுக்கொடுத்தால் நான் அவர்மேல் ஏறிவிடுகிறேன். எட்டு வருடத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: பார்த்துப் பின்தொடர்ந்தால் பிந்துவோம், தோலால் பின்தொடர்ந்தால் அவ்வளவு பிந்த மாட்டோம்.

கெடிலக்கரை, இரண்டு பயிற்சி சொல்கிறேன், செய்து பாருங்கள்.

முதலாவது சின்ன நடனம். கண் மூடி, கை தொங்கவிட்டு, பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நிற்பது சும்மா இல்லை என்று மூன்றாவது நிமிடத்தில் தெரியும். கணுக்கால் விடாமல் வேலை செய்துகொண்டிருக்கும். உடம்பு விழப் பார்க்கிறது, எலும்பு பிடித்துக்கொள்கிறது. அந்த மூன்று பேரையும் அவசியம் இதில் நிற்க வையுங்கள்.

இரண்டாவது கண்ணாடி. வயோலா ஸ்போலின் என்ற நாடகப் பயிற்சியாளர் பரப்பியது. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். முதலில் ஒருவர் அசைவார், மற்றவர் பிம்பம். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவர், "இப்போது பின்தொடர்பவரைப் பின்தொடருங்கள்" என்பார். இருவரும் பிம்பம், தொடங்க ஆள் இல்லை. சிறு தடுமாற்றத்துக்குப் பிறகு இருவர் கையும் நகரத் தொடங்கும்.

ஊசுட்டேரி (ஞாயிறு, மாலை 4.30)

அக்கா, நான் புதுச்சேரியில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். அந்தக் கடைசி வகைக் கண்ணாடியை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டது. இணையான இரண்டு தடங்களில் ஆளுக்கொரு கைப்பிடியை நகர்த்த வைத்தார்கள். ஒருவர் நடத்தி மற்றவர் பின்தொடரும்போது பின்தொடர்பவரின் கையில் நொடிக்கு இரண்டு மூன்று முறை சிறு நடுக்கம் இருக்கும், முந்தியும் பிந்தியும் திருத்திக்கொண்டே போவதால். நடத்துபவர் என்று யாரையும் குறிக்காமல் விட்டபோது, இம்ப்ரொவைசேஷனில் தேர்ந்தவர்களிடம் சில நேரம் அந்த நடுக்கமே மறைந்துபோனது. இருவர் கையும் வழவழவென்று ஒன்றாகப் போயிருக்கிறது. நீங்கள் கேட்ட நிலை உண்டு. கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

பறவைக் கூட்டம் என்றீர்களே. ரோம் நகரத்து வானில் ஸ்டார்லிங் கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2008-இல் சொன்னார்கள்: ஒவ்வொரு பறவையும் தனக்கு அருகில் இருக்கும் ஆறேழு பறவைகளை மட்டும் பொருட்படுத்துகிறது. கூட்டம் நெருங்கினாலும் விரிந்தாலும் எண்ணிக்கை அதேதான். முன்னால் ஒரு தலைவன் தேவையில்லை. அந்த இனத்துக்கு உறவான சூறைக்குருவிகள் குளிர்காலத்தில் நம் ஊருக்கும் வரும். சாயங்காலம் ஏரிக்கரையில் நின்றால் பார்க்கலாம், கரும்புகை உருண்டு திரும்புகிற மாதிரி இருக்கும்.

உங்கள் கூட்டத்தில் எல்லோரும் முன்னால் நிற்கும் ஒருவரையே பார்க்கிறீர்கள். சிக்கல் அங்கே இருக்கலாம். ஆளுக்கு இரண்டு பேரை மனதுக்குள் தேர்ந்தெடுத்து, யாரென்று சொல்லாமல், அந்த இருவரிடமிருந்தும் சம தூரத்தில் இருக்கும்படி நகர்ந்துகொண்டே இருங்கள். 11 பேர் போதும்.

முதுநகர் (ஞாயிறு, இரவு 8.15)

எல்லோரும் பின்தொடர்வதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். நுட்பம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் தோளைப் பார்த்து அடுத்து என்ன நடக்கும் என்று கணிப்பதை நாங்கள் பயிற்சி ஹாலில் கற்கவில்லை, வீட்டில் கற்றோம். அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைய மனநிலை தெரிந்துவிடும். கெடிலக்கரை நன்றாகப் பின்தொடர்கிறார் என்றால், அது அவர் தேர்ந்தெடுத்ததா பழகிப்போனதா என்று அவர்தான் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் அம்மாச்சி கும்மி அடிப்பவர். வட்டத்தில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவருக்கு அலுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். யாரும் வா என்று கூப்பிட மாட்டார்கள். கை தட்டிக்கொண்டே வாய் திறந்தால் போதும். திருமணமாகி வந்த புதுப்பெண்கூட மூன்றாவது சுற்றில் எடுத்துவிடுவாள், ஏனென்றால் அந்த வட்டத்தில் ஆண்கள் யாரும் இல்லை. அம்மாச்சியே அப்படித்தான் சொல்வார்.

தொடுதல் பற்றியும் பேச வேண்டும். நான் ஒரு பட்டறையில் கலந்துகொண்டேன். ஒருவர் என்மீது சாய்ந்துகொண்டே இருந்தார். நகர்ந்தேன், கூடவே வந்தார். "நான் உங்களைப் பின்தொடர்ந்தேன்" என்றார் பிறகு. அதற்கப்புறம் நான் போகவில்லை.

மெல்லப்பற (ஞாயிறு, இரவு 8.50)

அக்கா, அது நடந்திருக்கக் கூடாது. நடத்தியவர்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கூடுகையில் தொடங்குமுன் உரக்கச் சொல்வோம்: யாரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம். ஒருவர் விலகினால் அந்த ஆட்டம் முடிந்தது, பின்னால் போகக் கூடாது. வருகிற அசைவை வாங்காமல் விடுவதும் பின்தொடர்பவரின் உரிமை. அது இல்லாத இடத்தில் பின்தொடர்வது என்ற சொல்லையே நான் பயன்படுத்த மாட்டேன்.

வில்லியனூரான் (திங்கள், காலை 7.05)

எங்கள் ஊர் திருக்காமீசுவரர் தேரை வைத்து ஒன்று சொல்லலாமா?

வைகாசியில் தேர். வடம் பிடிக்க நூற்றுக்கணக்கான பேர். எல்லோர் கண்ணும் முன்னால், இழுப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. ஆனால் தேருக்குத் திருப்புகிற பொறி கிடையாது. வீதி முனையில் அதைத் திருப்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தாமதிக்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். என் பெரியப்பா கட்டை போட்டவர். உருளும் சக்கரத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் குனிந்தபடியே நடக்க வேண்டும், கவனம் பிசகினால் கால் போய்விடும். வடம் பிடிக்கிற யாருக்கும் அவர் முகம் தெரியாது.

அக்கா, நீங்கள் எப்போதாவது கூட்டத்தின் நடுவில் அப்படியே நின்று பார்த்திருக்கிறீர்களா? முன்னால் போக வேண்டாம். நில்லுங்கள். என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

சேவடி (திங்கள், காலை 10.30)

தேர் உதாரணம் அழகு. ஆனால் தேருக்கு நிலை உண்டு, போய்ச் சேர வேண்டிய இடம் எல்லோருக்கும் தெரியும். கூத்தில் கதை தெரியும். மனோதர்மம் என்று நான் சொன்னதிலும் வரி தெரியும். இவர்களுக்கு நிலை எது? அதைச் சொல்லாமல் யார் நடத்துகிறார் என்று பேசுவது எனக்கு முழுமையாகப் படவில்லை. சண்டைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பாடுகோடு (திங்கள், மதியம் 1.40)

கபடி ஆடியவன், மாவட்ட அளவில். ஒன்றே ஒன்று சொல்கிறேன். பாடி வருகிறவனுக்கு 30 நொடி. நாங்கள் ஏழு பேர் கை கோத்து அரைவட்டமாக நகர்வோம். அவன் எங்கே போனாலும் நாங்கள் பின்னால், அதாவது ஒரு ஆள் ஏழு பேரை நடத்துகிறான். மூலையில் நிற்பவன் கணுக்காலுக்குப் பாயும் அந்த நொடியில் எல்லாம் தலைகீழாகும். அவன் பாய்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் யோசிக்கவே கூடாது. சரியான நேரமா தப்பான நேரமா என்பதெல்லாம் அப்புறம். யோசித்தால் மூலைக்காரன் தனியாக மாட்டிக்கொள்வான், அவனையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவான் வந்தவன். எங்கள் அணி தோற்ற ஆட்டங்களில் பாதி அப்படித் தோற்றவை. அரைமனதாகப் பின்தொடர்வதைவிட நிற்பது மேல்.

கெடிலக்கரை (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.15)

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைக் குழுவில் எல்லோரும் படித்துவிட்டார்கள், அந்த மூன்று பேரும்தான்.

பத்து நிமிடம் மணலில் நின்றோம். குதிகால் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது, உடம்பு அதற்கேற்ப முன்னால் சாய்ந்து நிமிர்கிறது. எங்கள் உயரமானவர் ஆறாவது நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர் சொன்னது யாருமே எதிர்பார்க்காதது. அசையாமல் இருந்தால் அவருக்குப் பயமாக இருக்கிறதாம். அதனால்தான் எப்போதும் தொடங்கிவிடுகிறாராம். "முன்னாடி நிக்கிறவனுக்குப் பார்க்க யாருமே இல்லைங்க, கடல் மட்டும்தான். நீங்கள்லாம் பின்னாடி இருக்கீங்களான்னுகூடத் தெரியாது" என்றார். எட்டு மாதமாக அவர் ஆசைப்பட்டு முன்னால் நிற்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

சம தூர ஆட்டம் 20 நிமிடம் நிற்கவே இல்லை. ஒருவர் இரண்டு அடி வைத்தால் 11 பேரும் கலைந்து மறுபடி அமைய வேண்டியிருந்தது. என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் நான்கு பேர் என்று முடிவில் தெரிந்தது. நான் சிறிது நகர்ந்தபோதெல்லாம் நான்கு பேர் நகர்ந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமலே.

வில்லியனூர் தம்பி, நின்று பார்த்தேன். எனக்குப் பின்னால் இருந்த மூவரும் நின்றுவிட்டார்கள். முன்னால் போனவர்கள் ஏழெட்டு அடி தாண்டித்தான் உணர்ந்தார்கள். திரும்பிப் பார்த்தார்கள், இப்போது அவர்களுக்கு முன்னால் நாங்கள்தான். நான் எதுவும் செய்யவில்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

சேவடி, நீங்கள் கேட்டதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. உயரமானவரோடு கண்ணாடி செய்தபோது, ஊசுட்டேரித் தம்பி சொன்ன அந்த வழவழப்பு ஒரு நிமிடம்போல வந்தது. அது எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரியாது, ஆனால் கலைந்த நொடி இருவருக்கும் தெரிந்தது. நிலை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதுநகர் அக்கா, நீங்கள் எழுதியதுதான் மனதில் அதிகம் நிற்கிறது. பழகிப்போனதுதான். எங்கள் வீட்டிலும் அந்தச் செருப்புச் சத்தம் உண்டு. ஆனாலும் அது என்னிடம் இருக்கும் திறமை, அதை விட்டுவிடப் போவதில்லை. விலகும் விதியைத் தாளில் எழுதி ஹாலில் ஒட்டினோம். அன்றே இரண்டு பெண்கள் தோளில் சாயும் பயிற்சி வேண்டாம் என்றார்கள். இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. நேற்று மாலை ஹாலில் மறுபடி அந்த மூன்று பேர்தான் முன்னால்.

இன்று காலை பயிற்சி முடிந்து கிளம்பும்போது தேவனாம்பட்டினம் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவு, வாங்க என்று கூப்பிட்டார்கள். நாங்களும் கயிறு பிடித்தோம். ஒருவர் ஏலேலோ போட, மற்றவர்கள் வாங்கிச் சொல்லிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்க வேண்டும். கயிற்றின் கடைசியில் இருப்பவர் மேட்டை அடைந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, இறங்கித் தண்ணீரோரம் போய் முதல் ஆளாகப் பிடிக்கிறார். மறுபடி பின்னோக்கி நடக்கிறார். அப்படியே மாறிமாறி எல்லோரும். நானும் மூன்று முறை தண்ணீரோரம் போய்ப் பிடித்தேன். கை இன்னும் எரிகிறது.

அடுத்த ஞாயிறு இதையே கயிறு இல்லாமல் செய்து பார்க்கப் போகிறோம்.

மத்தளம் (ஞாயிறு, காலை 10.50)

சனிக்கிழமை ராத்திரி நெல்லிக்குப்பம் பக்கம் கூத்து இருக்கு. விடிஞ்சதும் நேரா அங்கே வரலாமா தங்கச்சி? மிருதங்கம் கையிலேயே இருக்கும், வாசிக்க மாட்டேன். நானும் ஒரு ஆளா நின்னு பார்க்கணும்.

கெடிலக்கரை (ஞாயிறு, காலை 11.05)

அவசியம் வாங்க ஐயா. ஆறரைக்குத் தொடங்குகிறோம், நீங்கள் வரும்வரை காத்திருப்போம். மிருதங்கத்தை மணலில் வைக்க வேண்டாம், பாய் கொண்டுவருகிறேன்.